சுனிலின் பெருவிரலில் இருந்த வண்டு

போன கிழமை ஷாமினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் முப்பது வருடம் வேலை செய்த நூதனசாலையின் பூச்சிப் பிரிவில் இப்போது அவள்தான் உதவியாளர். அலுமாரிகளில் இருக்கும் பூச்சிகளின் விவரங்களையெல்லாம் கம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"மிஸ், ஒரு சின்ன டவுட். உங்கட வண்டு இருக்கெல்லே, அந்தச் சிவப்பு லேபிள் போட்டது? பிடிச்ச ஆளின்ர பேர் போடுற இடத்தில 'சுனில், சிப்பாய்' எண்டு மட்டும்தான் கிடக்குது. முழுப்பேர் இல்லாட்டி கம்பியூட்டர் எடுக்குதில்லை. உங்கட பேரைப் போட்டு விடட்டோ?"

"போட்டியெண்டால் இண்டைக்கே பஸ் ஏறி வந்து உன்ர காதைத் திருகுவன்."

"அப்ப ஆர் மிஸ் இந்த சுனில்?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையல்ல. எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வுபெற்றவளுக்கு வேறென்ன வேலை!

நான் கொட்டாஞ்சேனைக்காரி. 'படம் கீறத் தெரிந்த ஒருவர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பூக்கள் கீறக் கூப்பிடுகிறார்கள் என்ற நினைப்பில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். முதல் நாளே ஒரு கரப்பான்பூச்சியின் பின்னங்காலைத் தந்து, அதிலுள்ள மயிர்களை எண்ணிக் கீறச் சொன்னார்கள். இரண்டு வருடம் போத்தல் கழுவினேன். மூன்றாம் வருடம் ஊசி குத்தப் பழகினேன். அதற்கடுத்த வருடம்தான் நுணுக்குக்காட்டியில் என்னைத் தனியே உட்கார விட்டார்கள். பயிற்சிக் காலத்தில் சொல்ல வேறொன்றுமில்லை.

ஆனால் வேலை என்னவென்று வீட்டுக்குச் சொல்வதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒன்றரை மில்லிமீற்றர் நீளமுள்ள வண்டுகளை வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து, அதன் ஆணுறுப்பைத் தனியே எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அதன் வளைவு நெளிவுகளைக் கீற வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் அது ஒவ்வொரு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற, கலியாணம் கட்டாத பெண்பிள்ளை ஒருத்தி கிழமையில் ஐந்து நாளும் இதைத்தான் கீறுகிறாள் என்று எப்படிச் சொல்வது?

"இண்டைக்கு என்ன மகள் கீறினீங்க?" என்று அம்மா கேட்பார்.

"வண்டு அம்மா."

"வண்டில எது?"

"முழு வண்டும்தான் அம்மா."

இந்தப் பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பங்குச் சுவாமி விளக்கம் கேட்டிருப்பார்.

எங்கள் பிரிவின் தலைவரை எல்லோரும் 'டொக்டர்' என்றே அழைத்தோம். ஹெவ்லொக் டவுனில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். எந்தப் பூச்சியைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் பூச்சியைப் பார்க்க மாட்டார். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, ஊசியின் கீழ்ப்பகுதியில் குத்தியிருக்கும் லேபிளைத் தட்டி, "எங்கை?" என்பார். எங்கே பிடித்தது, எப்போது, யார் என்பதெல்லாம் அந்தத் துண்டுக் கடதாசியில் இருக்க வேண்டும். அதை வாசித்து முடித்த பிறகுதான் கண் மேலே ஏறும். ஒருமுறை ஒரு பெரிய மனிதர், உள்ளங்கை அகலத்தில் பொன்னிற வண்டு ஒன்றை வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். எங்கே பிடித்ததென்று அவருக்கு நினைவில்லை. டொக்டர் மிகவும் பணிவாக நன்றி சொல்லி, வண்டை அவர் கண் முன்னாலேயே குப்பைக் கூடைக்குள் போட்டு, பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

யுத்த காலம். நான் அப்போது வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். தினமும் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். காலையில் காலி வீதிச் சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாய் "கொஹேத யன்னே?" என்பான். எங்கே போகிறாய் என்று அர்த்தம். அரை மணித்தியாலம் கழித்து டொக்டர் "எங்கை?" என்பார். சிப்பாய்க்கு அடையாள அட்டையைக் காட்டினால் போதும். டொக்டரைத் திருப்திப்படுத்துவதுதான் கஷ்டம்.

காலி நகருக்கு உட்புறத்திலுள்ள மழைக்காட்டுக்கு ஒருமுறை டொக்டரோடு போய் மூன்று நாள் சருகு அரித்தோம். அரிதட்டில் ஈரச் சருகைப் போட்டு உலுக்கினால், வெள்ளைச் சீலையில் தூளோடு சேர்ந்து சின்னச் சின்ன உயிர்கள் விழும். தூளை அப்படியே துணிப்பையில் கட்டி, எந்த இடத்தில் அரித்ததென்று எழுதி உள்ளே போட்டு, ஈரம் காயுமுன் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டும். திரும்பும் வழியில் காலியில் ஜீப் படுத்துவிட்டது.

"ஸ்டெல்லா, நீர் பையைக் கொண்டு பஸ்ஸில போம். காஞ்சுதெண்டால் எல்லாம் செத்துப்போம்" என்றார் டொக்டர்.

போனேன். நாங்கள் யார், என்ன செய்கிறோம் என்று மும்மொழியிலும் முத்திரை குத்திய கடிதம் ஜீப்பின் லாச்சிக்குள் கிடக்கிறது என்பது வெள்ளவத்தையை நெருங்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளோடு வரிசையில் விட்டார்கள். எனக்கு முன்னால் ஓர் அம்மா அந்தூரியம் சாடியோடு நின்றார். சிப்பாய் சாடியை மேசையில் கவிழ்த்து, மண்ணைக் கிளறிப் பார்த்து, திரும்ப அள்ளிப்போட்டுக் கொடுத்தான். அடுத்தது நான்.

பைக்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"கொல" என்றேன். இலை.

"காலியிலிருந்து இலைக்கு டிக்கட் எடுத்துக்கொண்டு வந்தீங்களா?"

பை மேசையில் கவிழ்ந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டுக் குழப்பினான். என் மூன்று நாள் உழைப்பு அந்தூரிய மண்ணோடு கலந்துகொண்டிருந்தது. பிறகு அவன் கையைத் தூக்கி உதறப் போனான். அப்போதுதான் கண்டேன். அவனுடைய வலது பெருவிரல் நகத்தின் மேல் ஒரு கபில நிறப் புள்ளி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து போனது. பத்து வருடத்தில் ஆயிரக்கணக்கில் வண்டு பார்த்தவள் நான். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அந்த வகை வண்டை நான் கண்டதில்லை.

"ஹெல்லென்ன எபா!" என்று கத்தினேன்.

அசையாதே என்று அர்த்தம். அந்த நாட்களில் சிப்பாய்கள் எங்களைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. ஒரு தமிழ்ப் பெண் சிப்பாயைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை அல்லவே அல்ல.

அவன் அப்படியே உறைந்துவிட்டான். மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரின் துவக்குகள் என் பக்கம் திரும்பின. வரிசை முழுவதும் நிலத்தில் குந்தியது. அந்தூரியம் அம்மா சாடியோடு மேசைக்குக் கீழே போய்விட்டார். எனக்கு இதொன்றும் கண்ணில் படவில்லை. சின்னப் பூச்சி பிடிக்க எப்போதும் கழுத்தில் தொங்கும் உறிஞ்சு குழாயின் ரப்பர் முனையை வாயில் வைத்து, கண்ணாடி முனையை அவனுடைய பெருவிரலில் பிடித்து, ஓர் இழு. வண்டு குழாய்க்குள் விழுந்தது.

சிப்பாய் இன்னும் விரலை நீட்டியபடியே நின்றான். "மிஸ், குடிச்சிட்டீங்களா?" என்று மெல்லிய குரலில் கேட்டான்.

அவன்தான் சுனில்.

பிறகு என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பயமில்லை என்று சொன்னால் பொய். உள்ளே போன சிலர் எப்போது வெளியே வந்தார்கள் என்று தெரியாத காலம் அது. வாங்கில் உட்கார்ந்து, குழாயைக் கைக்குட்டையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செபமாலை சொன்னேன். மாலையில் டொக்டர் சட்டையெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு கடிதத்தோடு வந்து சேர்ந்தார். இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா என்று பொறுப்பதிகாரி கேட்டார். டொக்டர் என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார்.

"எங்கை?"

"சிப்பாயின்ர பெருவிரலில, டொக்டர்."

"அதுக்கு முதல்?"

"மேசையில."

"மேசையில அதுக்கு முதல் என்ன கிடந்தது?"

"ஒரு அம்மான்ர அந்தூரியம் சாடி."

"போச்சு" என்று டொக்டர் கதிரையில் விழுந்தார்.

நாங்கள் என்ன பேசினோம் என்று அதிகாரி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, வரிக்கு வரி கேட்டு எழுதினார். அந்தூரியம் வந்ததும் பேனையை மூடிவிட்டு எங்களுக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். ஆனால் என் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

அடுத்த கிழமை வயிற்றைத் திறந்து பார்த்தேன். ஆண். அதன் உறுப்பு நுனியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் மட்டும் தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது. எங்களிடமிருந்த புத்தகங்கள் எதிலும் அப்படியொரு படம் இல்லை. டொக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உது புதுசு. எழுதப்போறது நீர்தான். உம்மட பேர்தான் முதல் வரும்" என்றார்.

அதுவரை என் பெயர் கட்டுரைகளின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் மட்டுமே வந்திருக்கிறது, அதுவும் எழுத்துப் பிழையோடு. ஓர் உயிரினத்தை உலகத்துக்கு முதன்முதலாகச் சொல்லப் போகிறவள் நான் என்றதும், கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதேன்.

"ஆனா எங்கை எண்டு தெரியாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகாது" என்றும் டொக்டர் சொல்லியிருந்தார்.

நீளம், அகலம், முதுகிலுள்ள குழிகள், உணர்கொம்பின் கணுக்கள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு வரி மட்டும் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் ஒருநாள் திருட்டுத்தனமாகக் காட்டின் பெயரை எழுதி, அழகாக ஒரு லேபிளும் வெட்டி ஊசியில் குத்தி வைத்தேன். டொக்டர் பென்சிலால் தட்டினார்.

"கண்டனீரோ?"

"காட்டிலயிருந்துதான் வந்திருக்கும் டொக்டர், நிச்சயமா."

"நான் கேட்டது கண்டனீரோ எண்டு."

லேபிளைக் கழற்றி நாலாகக் கிழித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அந்தூரியம் அம்மாவைத் தேடிப் பிடித்தேன். வெள்ளவத்தையில்தான், என் அறையிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. "உங்கட பூச்சாடியைக் கொஞ்சம் பாக்கலாமோ?" என்று கேட்டதும், "ஐயோ பிள்ளை, எனக்கு ஒண்டும் தெரியாது, அண்டைக்கு நான் மேசைக்குக் கீழதான் இருந்தனான்" என்று கதவைச் சாத்திவிட்டார். நான்காம் முறை போனபோதுதான் மண்ணை அரிக்க விட்டார். மண்புழு ஒன்று இருந்தது. அந்தச் சாடியில் இப்போது இல்லையென்றால் அன்றும் இருந்திருக்காது என்று அர்த்தமா என்று டொக்டர் கேட்டார்.

மீண்டும் காட்டுக்குப் போய் இன்னொரு வண்டைப் பிடிப்பதுதான் ஒரே வழி. காட்டுக்குள் போக அனுமதி வேண்டி எழுதினோம். டொக்டருக்குக் கிடைத்தது, அதுவும் பெரிய பாதைப் பக்கத்துக்கு மட்டும். பொலிஸ் புத்தகத்தில் ஏறிய பெயர் என்பதால் எனக்கு இல்லை. அவர் இரண்டு முறை தனியே போய்ப் பதினாறு பை சருகு கொண்டுவந்தார். எறும்பு, சிலந்தி, அட்டை எல்லாம் வந்தன. என் வண்டு வரவில்லை. ஏழு மாதம் போனது. ஒற்றை வண்டு, ஒற்றைக் காலி வரி. நான் சோர்ந்துபோனேன்.

இதற்கிடையில் சாவடியில் எனக்கு 'பூச்சி மிஸ்' என்று பெயர் விழுந்திருந்தது. சுனில் முறையில் நிற்கும் நாட்களில் அடையாள அட்டையை வாங்கி ஒழுங்காகப் பார்ப்பான். பார்த்து முடித்ததும் பெருவிரலை நீட்டி, "இன்றைக்கு ஒன்றும் வேண்டாமா?" என்பான். ஒருநாள் காலை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று கேட்டான். என் அரைகுறைச் சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அன்றைக்கு எந்த இடத்தில் அரித்தீர்கள்?"

தேயிலைத் தொழிற்சாலை வளைவைத் தாண்டி, ஓடைக்கு அப்பால், இடி விழுந்து கருகிய ஒரு பெரிய மரம் என்றேன்.

சுனில் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தான். "மிஸ், அது எங்கள் வீட்டுப் பின்பக்கம். உங்கள் டொக்டர் அனுமதிக் கடிதத்தோடு பெரிய பாதையால் போயிருப்பார். அந்தப் பக்கத்தில் அந்த மரம் இல்லை."

வருடப் பிறப்பு லீவுக்கு ஊருக்குப் போனான். திரும்பி வந்த அன்று காலையில் சாவடியில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, வாய் தைத்த ஒரு மாச்சாக்கை நீட்டினான்.

நடுத்தெருவில், சாவடியில், ஒரு சிப்பாய் தமிழ்ப் பெண்ணின் கையில் ஒரு மூட்டையைத் தருகிறான். யார் என்ன சொல்வார்கள்? உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது?

"திறந்து காட்டுங்கள்" என்றேன்.

சுனில் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். தையலைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, ஈரச் சருகை அள்ளிக் காட்டினான். காட்டு மணம் வந்தது.

சருகைப் புனலில் போட்டு மேலே பல்ப் எரியவிட்டால், சூடு தாங்காமல் பூச்சிகள் கீழே இறங்கிச் மதுசாரப் போத்தலுக்குள் விழும். மின்வெட்டு இல்லாவிட்டால் இரண்டு நாள். எங்களுக்கு நான்கு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் போத்தலுக்குள் என் வண்டுகள் பதினொன்று கிடந்தன. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன்.

அவர் போத்தலைப் பார்க்கவில்லை. "எங்கை?" என்றார்.

சாக்குக்குள் இருந்த சீட்டைக் கொடுத்தேன். சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் சுனில் சிங்களத்தில் எழுதியிருந்தான். டொக்டர் அதைத் தமிழில் உரக்க வாசித்தார். "எங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்து நூற்றெண்பது அடி நடந்து ஓடை. ஓடையைத் தாண்டி, இடி விழுந்த மரத்தின் வடக்குப் பக்கம். சருகு முழங்கை ஆழம். காலையில், மழை விட்ட பிறகு. பிடித்தவர் சுனில்." அன்றைய திகதியும் இருந்தது.

"இதை எழுத அவனுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"நான் அண்டைக்குச் சாவடியில புலம்பினது காதில விழுந்திருக்கும், டொக்டர்."

"பட்டம் எடுத்தவங்களே இப்பிடி எழுதுறேல்லை" என்று சொல்லி, அந்த அட்டையைப் பெட்டிக்குள் அப்படியே வைக்கச் சொன்னார்.

இனத்தின் முதன்மை மாதிரிக்குச் சிவப்பு லேபிள் குத்துவது வழக்கம். சுனில் கொண்டுவந்ததில் ஓர் ஆணுக்கு அது போனது. நான் துவக்கு முனையில் நின்று உறிஞ்சிப் பிடித்த வண்டு? அதற்குச் சாட்சி இல்லை என்று டொக்டர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வயிறு எரிந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

பெயர் வைக்கும் நாள் வந்தது. "சுனிலின் பெயரை வைப்பம்" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் டொக்டருடைய வீட்டில் அப்போது இராணுவம் இருந்தது. அந்த வீட்டைப் பார்த்து எட்டு வருடம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடியும் செருகினார்.

"பிடிச்சவன்ர பேரை வைக்கிறது எங்கட வழக்கம்" என்றார் கடைசியில். "எழுதும்."

கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு சாவடிக்கு ஓடினேன். புதியவன் ஒருவன் நின்றான். சுனிலை வடக்குக்கு அனுப்பி இரண்டு கிழமை ஆகிவிட்டதென்று சொன்னான். என் பிரதியைப் புரட்டி, வண்டின் ஆணுறுப்புப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, இது எந்த இடத்தின் வரைபடம் என்று கேட்டான்.

அதற்குப் பிறகு வருடக்கணக்காகச் செய்தி இல்லை. பத்திரிகையில் போரில் இறந்தவர்களின் பெயர் வரும்போது 'சுனில்' என்று தேடினேன். நிறைய சுனில்கள் இருந்தார்கள். என் சுனிலின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. என் அடையாள அட்டையை நூறு முறை வாங்கிப் பார்த்தவனிடம், உன் முழுப்பெயர் என்ன என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

யுத்தம் முடிந்து, நான் ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தபோது, ஒருநாள் நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் அதட்டியது.

"ஹெல்லென்ன எபா!"

என் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. நான் உயர்த்தவில்லை, அவையாகவே போயின.

பின்னால் எழுந்த சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பினேன். தலை நரைத்து, வயிறு வைத்து, நீளக்கை சேட்டோடு சுனில் நின்றார். என் உயர்ந்த கைகளைப் பார்த்து அவருடைய முகம் இருண்டிருந்தது. "மிஸ், விளையாட்டுக்கு... கையை இறக்குங்கள் மிஸ்" என்றார். கண் கலங்கிவிட்டது. யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும்.

நான் கையை இறக்கி, அவர் பக்கம் நீட்டினேன். "ஐசி" என்றேன், சாவடிக் குரலில்.

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு நிமிர்ந்து நின்று, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் தந்தார். நான் அவசரப்படவில்லை. முன்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் பார்த்தேன். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். முழுப்பெயரை எழுத்து எழுத்தாக என் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஷாமினி, அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. ஆறு சொல் நீளம். உன்னுடைய கம்பியூட்டர் பெட்டிக்குள் அடங்காவிட்டால் பெட்டியைப் பெரிதாக்கச் சொல். எழுதி முடித்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஹரி, யன்ன" என்றேன். சரி, போகலாம்.

அவர் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன்னுடைய பெருவிரலில் இருந்த அந்த வண்டு எங்கே என்று கேட்டார்.